அப்பாவின் எச்எம்டி வாட்ச்சுக்கு சஃபையர் கண்ணாடி போடலாமா?

அக்ரிலிக், மினரல், சஃபையர்... யாருக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும்? ஒரு விளக்கம்.

பீரோவில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் எச்எம்டி வாட்ச்சை எடுத்துச் சாவி கொடுத்தால், அது உடனே ஓடத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்து இயந்திரம் அப்படி. ஆனால், மணி பார்க்க முடியாது. கண்ணாடி முழுக்கக் கீறல். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் கேட்பார்: “பழையபடி பிளாஸ்டிக்கே போடவா, இல்ல சஃபையரா மாத்திடலாமா?”

புது வாட்ச் வாங்குபவர்களுக்கும் இதே குழப்பம்தான். ஆன்லைனில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கிளாசிக் மாடல்களில் ஒன்றில் ‘அக்ரிலிக்’, இன்னொன்றில் ‘சஃபையர்’ என்று போட்டிருக்கும். விலையில் சில ஆயிரம் வித்தியாசம். விலை அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து சஃபையரை கார்ட்டில் போட்டுவிடுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இருப்பவர்கள் அவசரப்படாமல் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வல்லம் வடகால் சிப்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலை இங்கே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய பெண் பணியாளர்களுக்கான குடியிருப்பும் இங்கேதான். முதல் சம்பளத்தில் முதல் வாட்ச் வாங்கும் வயதில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஊர். கூடவே லாரி கிளப்பும் மணல் தூசி, இரும்புத் துகள், தின்னர், பையில் சாவிக்கொத்து. வாட்ச் கண்ணாடியின் எதிரிகள் எல்லாமே ஒரே இடத்தில்.

மூன்று கண்ணாடி, மூன்று குணம்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வாட்ச் உலகில் ‘கிரிஸ்டல்’ என்றால் டயலுக்கு மேலே இருக்கும் மூடி. அவ்வளவுதான். அது பிளாஸ்டிக்காக இருந்தாலும் பெயர் கிரிஸ்டல்தான். ‘மினரல் கிரிஸ்டல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏதோ ரத்தினம் என்று எண்ணிவிட வேண்டாம்.

அக்ரிலிக்: பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற தெளிவான பிளாஸ்டிக். 1930-களில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த ஒளிபுகும் மூடிகள் இதில்தான் செய்யப்பட்டன. பழைய எச்எம்டி முதல் இன்றைய கேசியோ எஃப்-91டபிள்யூ வரை இந்தக் குடும்பம்தான். கேசியோ இதை ‘ரெசின் கிளாஸ்’ என்று குறிப்பிடும்.

மினரல்: நிஜக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியின் உறவினர்; வாட்ச்சுக்காகக் கொஞ்சம் கடினமாக்கப்பட்டது. சீகோ வாட்ச்களில் வரும் ‘ஹார்ட்லெக்ஸ்’ இதன் ஒரு வகை. கடைகளில் பார்க்கும் நடுத்தர விலை வாட்ச்களில் பெரும்பாலும் இதுதான்.

சஃபையர்: பெயர்தான் நீலக்கல், நிறம் கிடையாது. ஆலையில் வளர்க்கப்படும் அலுமினியம் ஆக்ஸைடு படிகம். பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னூயி 1902-ல் இதற்கான வழியை வெளியிட்டார். அலுமினியம் ஆக்ஸைடு பொடியைச் சுமார் 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் எரியும் சுடர் வழியாக விழச் செய்தால், அது உருகி, சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து படிகமாக வளரும். அதை மெல்லிய வில்லைகளாக அறுக்கவும், பளபளப்பாக்கவும் வைரப் பொடி தேவை. விலை ஏறுவது இங்கேதான்.

கீறலுக்கு ஒரு கணக்கு

ஜெர்மானிய கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். விதி எளிது: மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும். நம் விரல் நகம் சுமார் 2.5. அக்ரிலிக் ஏறக்குறைய 3. சாதாரணக் கண்ணாடியும் கத்தியும் 5.5-ஐ ஒட்டி. குவார்ட்ஸ் 7. சஃபையர் 9. வைரம் 10.

இந்தப் பட்டியலில் நாம் கவனிக்க வேண்டிய எண் 7. காரணம், நம் ஊர் மணலிலும் சாலைத் தூசியிலும் பெருமளவு இருப்பது குவார்ட்ஸ். பைக் ஓட்டி வந்து, தூசி படிந்த வாட்ச்சைச் சட்டை நுனியால் துடைக்கிறீர்கள். அந்த ஒரு துடைப்பில் 7 என்ற எண்ணுள்ள துகள்கள் கண்ணாடி மேல் இழுபடுகின்றன. அக்ரிலிக்கில் கோடு விழும். மினரலிலும் மெல்லிய கோடு விழும். சஃபையருக்கு ஒன்றும் ஆகாது.

சாவிக்கொத்து, சில்லறைக் காசு எல்லாம் உலோகம். இவை அக்ரிலிக்கைத் தாராளமாகக் கீறும். மினரலிடம் பெரும்பாலும் தோற்கும். பல ஆலைகளில் லைனுக்குள் வாட்ச் கட்ட அனுமதி இல்லை. சுழலும் இயந்திரத்தில் கை மாட்டிக்கொள்ளும் ஆபத்து ஒரு பக்கம், வண்டியின் பெயின்ட்டில் கீறல் விழும் பயம் இன்னொரு பக்கம். அதனால் எட்டு மணி நேரமும் வாட்ச் இருப்பது பையிலோ லாக்கரிலோ, சாவிக்கும் சில்லறைக்கும் பக்கத்தில். கையில் இருக்கும்போது படும் அடியைவிடப் பைக்குள் வாங்கும் கீறல் அதிகம். ஒரு சின்னத் துணிப்பை போதும், இதில் பாதியைத் தடுக்கலாம்.

சஃபையரையும் கீறலாம்... உங்கள் பட்டறையிலேயே!

‘சஃபையரில் கீறலே விழாது’ என்று விற்பனையாளர் சொன்னால் முழுக்க நம்ப வேண்டாம். வைரம் கீறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று.

கிரைண்டிங் வீலும் எமரி ஷீட்டும் பெரும்பாலும் எதனால் செய்யப்படுகின்றன? அலுமினியம் ஆக்ஸைடு அல்லது சிலிக்கான் கார்பைடு. முதலாவது சஃபையரின் அதே பொருள். இரண்டாவது அதைவிடக் கடினம். உங்கள் விலை உயர்ந்த வாட்ச்சின் கண்ணாடியும், பிசிர் தேய்க்கும் சக்கரமும் ஒரே வம்சம். அந்தத் துகள் படிந்த வொர்க் பெஞ்ச்சில் வாட்ச்சைக் கவிழ்த்து வைத்தால் சஃபையரிலும் கோடு விழலாம்.

இந்த வம்சத்துக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: குருந்தம். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற சொல்லே தமிழ்க் குருந்தத்திலிருந்து போனதுதான் என்று அகராதிகள் குறிப்பிடுகின்றன. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பகுதிப் பாறைகளில் குருந்தம் உண்டு. நம் சாணைக்கல்லில் அரக்கோடு சேர்ந்திருந்ததும் இதே குருந்தப் பொடிதான். அதில் குரோமியம் கலந்து சிவந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் நீலக்கல். எதுவும் கலக்காமல் தெளிவாக இருந்தால் வாட்ச் கண்ணாடி.

இன்னொரு விஷயம். சஃபையரில் தெரியும் எல்லாக் கோடும் கீறல் இல்லை. இரும்பில் உரசும்போது இரும்புதான் தேய்ந்து கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும். சாதாரண ரப்பரால் அழித்துப் பாருங்கள். சில சமயம் போய்விடும்.

கீறல் வேறு, உடைவது வேறு

கடினம் என்றால் உறுதி என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. கீறலைத் தாங்குவது கடினம். அடியைத் தாங்குவது உறுதி. சஃபையர் முதலாவதில் ராஜா. இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியாது. அது வளையாது. தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் அடி விழுந்தால் சிதறும். சிதறிய துகள்கள் டயலைக் கீறும், இயந்திரத்துக்குள்ளும் போகும். அக்ரிலிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மிஞ்சிப்போனால் விரிசல் விடும், கூரான துண்டுகளாகத் தெறிப்பது அரிது.

இந்த வித்தியாசத்துக்காகவே அக்ரிலிக் நிலவு வரை போயிருக்கிறது. 1965 மார்ச்சில் நாசா, மனிதர்கள் செல்லும் விண்வெளிப் பயணங்களுக்கு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச்சைத் தகுதியானது என்று ஏற்றுக்கொண்டது. 1969-ல் நிலவில் நடந்தபோது பஸ் ஆல்ட்ரின் கையில் இருந்ததும் அதுதான். அதன் கண்ணாடி அக்ரிலிக். ஒமேகா வைத்த பெயர் ‘ஹெசலைட்’. எடையற்ற விண்கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் கண்ணிலும் மூச்சிலும் போகும். அங்கே கீறல் ஒரு பிரச்சினையே இல்லை, சிதறல்தான் ஆபத்து. இன்றைக்கும் அந்த மாடலை ஒமேகா இரண்டு கண்ணாடியிலும் விற்கிறது. சஃபையருக்கு விலை அதிகம். ஆனாலும் ஹெசலைட்டைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அசெம்பிள் ஆகும் ஐபோனைப் பாருங்கள். கீழே விழும் அபாயம் உள்ள பெரிய திரைக்குப் பலப்படுத்திய கண்ணாடி. பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு கேமரா லென்ஸ் மூடிக்கு சஃபையர். ஒரே போன், இரண்டு தேர்வு. எங்கே அடி விழும், எங்கே கீறல் விழும் என்று பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். ஆப்பிள் வாட்ச்சிலும் அலுமினிய மாடலுக்குப் பலப்படுத்திய கண்ணாடி, டைட்டானிய மாடலுக்கு சஃபையர்.

பெரிய அளவில் சஃபையர் செய்வது எவ்வளவு சிரமம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஆப்பிளுக்கு சஃபையர் தயாரித்துத் தர 2013 நவம்பரில் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் திவால் மனு கொடுத்துவிட்டது. போன் திரைகள் கண்ணாடியிலேயே நின்றன. அந்த வகைக் கண்ணாடிக்காகத்தான் வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் உள்ள பிள்ளைப்பாக்கத்தில் கார்னிங்கும் ஆப்டிமஸும் சேர்ந்து ரூ.1,003 கோடியில் ஆலை அமைப்பதாக 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது.

வெயிலில் மணி தெரியுமா?

பலரும் யோசிக்காத இன்னொரு வித்தியாசம், எதிரொளிப்பு. அக்ரிலிக்கின் இரண்டு பரப்புகளும் சேர்ந்து சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். சஃபையரில் இது சுமார் 15 சதவீதம். அதாவது, மத்தியான வெயிலில் சஃபையர் ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தையே காட்டும். இதைத் தடுக்க எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு போடுவார்கள். அந்தப் பூச்சு உள்பக்கம் மட்டும் இருந்தால் நல்லது. வெளிப்பக்கம் இருந்தால், சஃபையரில் கீறல் விழாவிட்டாலும் பூச்சில் விழும். விலை குறைந்த சஃபையர் வாட்ச்சில் பூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வாட்ச்களுக்கு ஒரு தனி அழகு வருவதும் அக்ரிலிக்கால்தான். மேடாக உப்பிய அந்த மூடியின் ஓரத்தில் டயல் லேசாக வளைந்து தெரியும். வெளிச்சம் மென்மையாக விழும். சஃபையரிலும் மேடாகச் செய்யலாம். ஆனால் கல்லைக் குடைந்து வழிக்க வேண்டும், செலவு கூடும்.

எச்எம்டியில் ஏன் அக்ரிலிக்?

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி. வேலை கிடைத்தால், கல்யாணம் ஆனால், பணி ஓய்வு பெற்றால் எச்எம்டி என்று ஒரு தலைமுறை வாழ்ந்தது. 1984-ல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்கள் வந்ததும் சாவி கொடுக்கும் வாட்ச் மெல்ல பீரோவுக்குள் போனது. எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஜனதா போன்ற மாடல்கள் சாதாரண மனிதர்களுக்கானவை. அதற்கு ஏற்ற கண்ணாடி அக்ரிலிக்: விலை குறைவு, எந்த ஊர்க் கடையிலும் மாற்றலாம், கீழே விழுந்தாலும் தாங்கும். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தின் அச்சுகள் தேயாமல் சுழல வைத்திருக்கும் 17 செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. குருந்தக் குடும்பம்தான்! உராய்வு இருக்கும் உள்ளே கடினமான கல், அடி விழும் மேலே வளையும் பிளாஸ்டிக். அந்தக் காலப் பொறியாளர்கள் எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

இதே வாட்ச்சில் சஃபையரைப் போடுவதில் இரண்டு சிக்கல். ஒன்று, அக்ரிலிக் மூடி துளையைவிட ஒரு துளி பெரிதாக இருக்கும். அதைக் கருவியால் லேசாகச் சுருக்கி உள்ளே விடுவார்கள். விரிந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். சஃபையர் சுருங்காது. பசை வைத்து ஒட்ட வேண்டும், அல்லது கேஸையே கடைந்து மாற்ற வேண்டும். இரண்டு, பழைய மூடியின் மேட்டுக்கு ஏற்றபடிதான் முட்களின் உயரம் இருக்கும். தட்டையான சஃபையர் போட்டால் முள் உரசி வாட்ச் நின்றுபோகலாம். போதாததற்கு, சேகரிப்பாளர்கள் விரும்புவது பழைய வடிவம் மாறாத வாட்ச்சைத்தான்.

கீறிய அக்ரிலிக்கை என்ன செய்வது?

அக்ரிலிக்கின் பெரிய பலம் இதுதான். கீறல் விழும், ஆனால் போகவும் போகும்.

• கேஸின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். உலோகத்தில் பாலிஷ் படாது.

• மென்மையான துணியில் அக்ரிலிக் பாலிஷ் பேஸ்ட் கொஞ்சம் எடுத்து, சில நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். ‘பாலிவாட்ச்’ போன்றவை ஆன்லைனில் கிடைக்கும். மெல்லிய கீறலுக்கு வெள்ளை டூத்பேஸ்ட்டே போதும், ஜெல் வேண்டாம்.

• நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழமான கீறல் என்றால், முதலில் மிக நைசான வாட்டர் பேப்பர், பிறகு பேஸ்ட். கை பழகாதவர்கள் கடையில் கொடுப்பது நல்லது.

• தண்ணீரில் கழுவ வேண்டாம். பழைய வாட்ச்சுக்குள் நீர் எளிதாக இறங்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

விரிசல் விட்டிருந்தால் பாலிஷ் பயன்படாது, மாற்றத்தான் வேண்டும். பொதுவாகச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. மினரலிலும் சஃபையரிலும் ஆழமான கீறல் விழுந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. புதிது போடுவதுதான் வழி.

அக்ரிலிக்குக்கு ஆகாதவை: தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர். ஆல்கஹால் கலந்த சானிடைசரும் சென்ட்டும்கூட நாளடைவில் ஓரங்களில் நுண்விரிசலை உண்டாக்கலாம். பெயின்ட் ஷாப்பிலும், ஐபிஏ கொண்டு துடைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் லைனிலும் இருப்பவர்கள் கையைக் காயவிட்டு வாட்ச்சைத் தொடுங்கள்.

‘சஃபையர்’ என்று சொல்லி விற்றால்...

‘சஃபையர் கோட்டட்’ என்றால் சஃபையர் இல்லை. மினரல் கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு மட்டுமே. ‘ஸ்க்ராட்ச் ரெசிஸ்டன்ட்’ என்பதற்கும் சஃபையர் என்று பொருள் இல்லை. விவரப் பட்டியலில் ‘சஃபையர் கிரிஸ்டல்’ என்று தெளிவாக இருக்க வேண்டும்.

தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை வீடியோக்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோ பூச்சோ இருந்தாலே முடிவு மாறிவிடும். கத்தியால் கீறிப் பார்ப்பது அதைவிட மோசம். நகைக்கடையில் கல் பரிசோதிக்கும் சிறு கருவி இருக்கும். வெப்பத்தைக் கடத்தும் திறனை வைத்து, சஃபையரையும் கண்ணாடியையும் அது பிரித்துக் காட்டிவிடும்.

அப்போ, யாருக்கு எது?

*அப்பாவின் பழைய வாட்ச்சா?* அக்ரிலிக்கே போடுங்கள். சஃபையருக்குக் கொடுக்க நினைத்த பணத்தை, இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டு வாங்குவதற்குக் கொடுங்கள். கண்ணாடியைவிட அதுதான் அந்த வாட்ச்சின் ஆயுளைக் கூட்டும்.

*தினமும் கட்டும் புது வாட்ச், தூசியும் பைக்கும் அதிகமா?* பட்ஜெட் இடம் கொடுத்தால் சஃபையர். உள்பக்கப் பூச்சு உள்ளதைப் பாருங்கள். இப்போது சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது.

*அடிக்கடி இடித்துக்கொள்ளும் வேலையா, விளையாட்டா?* அக்ரிலிக் அல்லது ரெசின். உடையும் கவலை குறைவு. கீறலை ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

*இரண்டுக்கும் நடுவிலா?* மினரல். ஆனால், விழுந்த கீறல் கூடவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் ஒரு விதி பொது. விரிசல் தெரிந்தால் அன்றைக்கே வாட்ச்சைக் கழற்றுங்கள், சாவி கொடுக்காதீர்கள், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, உள்ளே ஒரு துகள் போய்விட்டால் ஆயிரங்களுக்கு இழுத்துவிடும்.